புகை விஸ்கியைச் சுவைத்து மார்க் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் ஐலா என்றொரு தீவு. அங்கே வடிக்கப்படும் விஸ்கிகளில் பெரும்பாலானவை புகை மணப்பவை. அவற்றை முதன்முதலாகக் குடிப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பதில்களில் பாதி பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம், மீதி என் சொந்த அபிப்பிராயம். எது எது என்பது படிக்கும்போதே தெரியும்.

முதல் வாயிலேயே ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது. பாட்டில் கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. உங்கள் மூக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது. இந்த விஸ்கியின் புகைக்குள் பீனால், கிரெசால் போன்ற பொருள்கள் இருக்கின்றன. பீனாலுக்குப் பழைய பெயர் கார்பாலிக் அமிலம். 1865-இல் கிளாஸ்கோ அரச மருத்துவமனையில் ஜோசப் லிஸ்டர், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் காயத்தில் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியைக் கட்டினார். காயம் சீழ் பிடிக்காமல் ஆறியது. பிறகு உலகத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் அந்த வாடை வந்து ஒட்டிக்கொண்டது. நம் ஊர் பினாயில், பழைய சிவப்பு லைஃப்பாய் சோப்பு எல்லாம் அந்தக் குடும்பம்தான்.

ஆகவே ஒரு மடக்கு குடித்ததும் அரசு மருத்துவமனை வராண்டா நினைவுக்கு வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதையே குறிப்பில் எழுதுங்கள்.

புகை எப்படி விஸ்கிக்குள் போகிறது? பீப்பாயைக் கருக்குவதாலா?

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். பீப்பாயின் உட்புறத்தைக் கருக்குவது உண்மை, ஆனால் அதிலிருந்து வருவது பெரும்பாலும் வெண்ணிலாவும் கேரமலும்தான். இந்தக் காட்டமான புகை பார்லி தானியத்திலேயே ஏறிவிடுகிறது.

பார்லியை இரண்டு நாள் போல ஊறவைத்து முளைகட்டுவார்கள். நாம் கேழ்வரகை முளைகட்டுவது மாதிரிதான். முளை வந்ததும் அதை நிறுத்தக் காயவைக்க வேண்டும். ஐலாவில் மரம் குறைவு, விறகுக்கு வழியில்லை. காலடியில் கிடந்த எரிபொருள் பீட். பாசியும் ஹெதர் புதரும் கோரையும் சதுப்பு நீரில் முழுதாக மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழுந்திக் கிடந்தால் பீட் ஆகும். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மண்வெட்டியால் ஒரு மீட்டர் தோண்டினால் ஆயிரம் வருஷத்தைத் தோண்டிவிட்டோம் என்று அர்த்தம். அதைச் செங்கல் செங்கலாக வெட்டி, காயவைத்து, எரித்து, அந்தப் புகையை ஈர முளைதானியத்தின் மேல் விடுவார்கள். ஈரம் இருக்கும்வரைதான் புகை உமியில் ஒட்டும். காய்ந்த பிறகு எவ்வளவு புகைத்தாலும் வீண்.

நம் மாடித் தோட்டக்காரர்களுக்கு 'கோகோபீட்' தெரிந்திருக்கும். தேங்காய் நார்க்கழிவுக்கு அந்தப் பெயர் வந்ததே அது இந்த பீட்டுக்கு மாற்றாகப் பயன்பட்டதால்தான். நீலகிரிச் சதுப்புகளிலும் உண்மையான பீட் படிவுகள் உண்டு. அதை யாரும் விஸ்கிக்கு எரிக்கவில்லை, நல்லவேளை.

இன்று ஐலாவின் பெரும்பாலான ஆலைகளுக்குப் புகையூட்டிய மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) போர்ட் எலன் ஊரில் 1973-இல் தொடங்கிய பெரிய மால்ட் கூடத்திலிருந்துதான் போகிறது. லஃப்ராய்க், பவ்மோர், கில்ஹோமன் மட்டும் தங்கள் தேவையில் ஒரு பங்கைச் சொந்தத் தரையில் பரப்பி, துடுப்பால் புரட்டி, தாங்களே தயாரிக்கின்றன.

பிபிஎம் என்று ஒரு எண் சொல்கிறார்களே. அது கூடக்கூட நல்ல விஸ்கியா?

இந்தப் பக்கத்தை எழுத வைத்ததே இந்தக் கேள்விதான்.

பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு பீனால் என்ற கணக்கு. அதை அளப்பது மால்ட்டில். பாட்டிலில் உள்ள விஸ்கியில் அல்ல. மால்ட்டை அரைத்து, ஊறவைத்து, புளிக்கவைத்து, இரண்டு முறை வடித்து, பத்து வருஷம் பீப்பாயில் போட்டு எடுக்கும்போது வழியிலேயே பெரும்பங்கு போய்விடும். லேபிளில் 50 என்று இருந்தால் டம்ளரில் 50 இல்லை.

தோராயமாகச் சொன்னால் பவ்மோர் 25, லாகவூலின் 35, லஃப்ராய்க் 40 முதல் 45, ஆர்ட்பெக் 55. ப்ரூக்லாடி ஆலையின் ஆக்டோமோர் வரிசை 80-க்குக் கீழே இறங்காது. அதில் ஒரு பதிப்பு 309 வரை போனது. அப்படியானால் ஆக்டோமோர் லஃப்ராய்க்கைவிட ஏழு மடங்கு புகைய வேண்டுமே? இல்லை. மூக்கை மூடிக்கொண்டு ஓட வைப்பது இன்றைக்கும் லஃப்ராய்க்தான். ப்ரூக்லாடியின் கொதிகலன்கள் உயரமானவை, கழுத்து குறுகியவை. கனமான ஆவி மேலே ஏற முடியாமல் திரும்ப விழுந்துவிடும். லஃப்ராய்க்கிலோ வடிக்கத் தொடங்கியதும் முதலில் வரும் பழவாசனைப் பகுதியை 45 நிமிடம்போல ஒதுக்கிவிட்டு, பின்னால் வரும் புகைப் பகுதியைச் சேர்த்துக்கொள்வார்கள். பீனால் வகைகள் வடிப்பின் கடைசியில்தான் வரும். எந்த இடத்தில் வெட்டுகிறார்கள் என்பதே பாதி விஸ்கி.

இன்னும் எளிய சாட்சி வேண்டுமா? லாகவூலினும் கல் ஈலாவும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம், போர்ட் எலனிலிருந்து ஒரே மாதிரி மால்ட்டை வாங்குகின்றன. ஒன்று கனத்து, எண்ணெய்ப் பிசுக்காக, அணைந்த அடுப்பு மாதிரி இருக்கும். மற்றது எலுமிச்சைத் தோலும் மெல்லிய புகையுமாக லேசாக இருக்கும். மால்ட்டில் ஏறிய புகையின் அளவு ஒன்றுதான்.

பழைய கதை ஒன்றும் உண்டு. லாகவூலினின் முதலாளி பீட்டர் மேக்கிக்குப் பக்கத்து ஆலை லஃப்ராய்க்கின் விற்பனை உரிமை கைநழுவிப் போனது. ஆத்திரத்தில் 1908-இல் தன் வளாகத்துக்குள்ளேயே 'மால்ட் மில்' என்று இன்னொரு சின்ன ஆலை கட்டி, லஃப்ராய்க் மாதிரியே வடிக்கப் பார்த்தார். 1962 வரை அந்த ஆலை ஓடியது. லஃப்ராய்க் மட்டும் வரவில்லை.

பிபிஎம் கேட்டு பாட்டில் வாங்குவது, எத்தனை மிளகாய் போட்டீர்கள் என்று கேட்டுக் குழம்பைத் தேர்ந்தெடுப்பது போலத்தான். காரம் தெரியும், குழம்பு தெரியாது.

எந்தப் பாட்டிலில் தொடங்கலாம்?

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கல் ஈலா 12 வயது (வயது என்றால் பீப்பாயில் கிடந்த ஆண்டுகள்) போல மிதமானதில் தொடங்கிப் படியேறுவது. இன்னொன்று, ஆர்ட்பெக் 10-ல் நேராகக் குதிப்பது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். குளிர்ந்த குளத்தில் ஒவ்வொரு படியாக இறங்குபவனுக்குத்தான் நடுக்கம் அதிகம்.

ஆனால் முழு பாட்டில் வாங்காதீர்கள். நல்ல மதுக்கூடத்தில் 30 மில்லி வாங்கிப் பாருங்கள், அல்லது நாலு பேர் சேர்ந்து ஒரு பாட்டிலைப் பங்கு போடுங்கள். முதல் தடவை பிடிக்காவிட்டால் மூன்று மாதம் விட்டு மறுபடி பாருங்கள். பாகற்காய் எல்லாருக்கும் பத்து வயதிலேயே பிடித்துவிடுவதில்லை.

என்ன டம்ளர்?

அடி உருண்டு, வாய் குறுகியது. 2001-இல் வந்த கிளென்கேர்ன் டம்ளர் இன்று எங்கும் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். அகன்ற வாய் கொண்ட கனத்த கண்ணாடி டம்ளர் சினிமாவில் பார்க்க நன்றாக இருக்கும். மணமெல்லாம் மேலே பறந்துவிடும். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், சிரிக்காதீர்கள், கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

கழுவிய சோப்பு வாசனை டம்ளரில் தங்கியிருக்கிறதா என்று வெறும் டம்ளரை ஒருமுறை மோந்து பாருங்கள். எலுமிச்சை மணக்கும் பாத்திரச் சோப்பால் 'அபாரமான எலுமிச்சைத் தோல்' என்று நானே ஒருமுறை குறிப்பு எழுதியிருக்கிறேன்.

நம்ம ஊர் வெயிலில் சுவைத்தால் வித்தியாசம் தெரியுமா?

நிறையத் தெரியும். ஸ்காட்லாந்து அறையின் சூடு 18, 20 டிகிரி. சென்னையில் மே மாதம் அலமாரிக்குள் இருக்கும் பாட்டிலே 33 டிகிரி. அந்தச் சூட்டில் சாராய ஆவி முந்திக்கொண்டு எழும்பி மூக்கில் குத்தும். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஊற்றிய டம்ளரைத் தட்டால் மூடி ஃபிரிட்ஜில் ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள். ஃப்ரீசர் வேண்டாம். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள், மணம் நிற்காது. அடுத்த அறையில் மீன் வறுபடுகிற நேரமும் கூடாது.

தண்ணீர் கலக்கலாமா? சோடா? ஐஸ்?

தண்ணீர் கலந்தே ஆக வேண்டும் என்பேன், ஆனால் சொட்டுக் கணக்கில். 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் கணினி மாதிரியில் இதை ஆராய்ந்தார்கள். புகை மணத்துக்குக் காரணமான குவயகால் என்ற மூலக்கூறை எடுத்துக்கொண்டார்கள். சாராய அளவு 45 சதவீதம் வரை இருக்கும்போது குவயகால் திரவத்தின் மேற்பரப்பை நாடி வருகிறது. 59 சதவீதத்துக்கு மேலே போனால் சாராயம் அதைச் சூழ்ந்துகொண்டு உள்ளே இழுத்துவிடுகிறது. மேலே இருப்பதுதானே மூக்குக்கு எட்டும்?

நடைமுறையில் இப்படி: 40, 43 சதவீத பாட்டில்களுக்கு ஏற்கெனவே ஆலையில் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, நீங்கள் இரண்டு சொட்டுக்கு மேல் விடாதீர்கள். 46 என்றால் அரை தேக்கரண்டி. பீப்பாயிலிருந்து அப்படியே எடுத்த 55, 60 சதவீதச் சரக்கு என்றால் தாராளமாக. முதலில் தண்ணீரில்லாமல் ஒருமுறை, பிறகு தண்ணீரோடு ஒருமுறை. ஃபிரிட்ஜில் வைத்த குடிநீர் போதும், உப்புத் தண்ணீரோ குளோரின் வாடையோ இருக்கக் கூடாது.

ஐஸ் போட்டால் நாக்கு மரத்துவிடும், மார்க் போட முடியாது. சோடாவோடு குடிப்பது தனி இன்பம், மார்க் போடாத நாளில் நானும் குடிப்பேன்.

படிப்படியாக எப்படிச் சுவைப்பது?

இரண்டு மணி நேரம் முன்பாகவே காபி, வெற்றிலை, பூண்டு ஊறுகாய் நிறுத்திவிடுங்கள். 20 மில்லி போதும். ஊற்றிப் பத்து நிமிடம் சும்மா விடுங்கள்.

மோக்கும்போது மூக்கை டம்ளருக்குள் நுழைக்காதீர்கள். முகவாய்க்கட்டை அருகே பிடித்து, வாயைச் சற்றுத் திறந்து வைத்து, மெதுவாக மேலே கொண்டு வாருங்கள். முதல் இரண்டு நிமிடம் புகையைத் தவிர எதுவும் தெரியாது. இங்கேதான் பெரும்பாலானவர்கள் 'செம புகை' என்று எழுதிவிட்டுக் குடித்துவிடுகிறார்கள். பொறுங்கள். கல்யாண வீட்டு மேளச்சத்தத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் பக்கத்தில் பேசுபவர் குரல் கேட்கத் தொடங்குமே, அதேபோல மூக்கு புகைக்குப் பழகும். பழகிய பிறகு வருவதுதான் விஸ்கி: எலுமிச்சை, பேரிக்காய், வெண்ணிலா, தேங்காய்ப்பால். தேங்காய் என்பது கற்பனை இல்லை. அமெரிக்க ஓக் மரத்தில் தேங்காய் மணக்கும் லாக்டோன் என்ற ஒரு வேதிப்பொருள் இருக்கிறது, அதற்கு 'விஸ்கி லாக்டோன்' என்றே பெயர். ஐலாவின் பெரும்பாலான சரக்கு பூர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பழைய பீப்பாய்களில்தான் கிடக்கிறது.

முதல் மடக்கை விழுங்கிவிடுங்கள், அது வாயைப் பழக்க. இரண்டாவது மடக்கைப் பத்து விநாடி நாக்கின் எல்லா இடத்திலும் உருட்டுங்கள். விழுங்கியபின் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியே மூச்சை விடுங்கள். தொண்டைக்குப் பின்னாலிருந்து மூக்குக்கு ஏறும் அந்த மூச்சில்தான் புகையின் உண்மையான தரம் தெரியும். சாம்பலா, தாரா, சுட்ட சோளமா என்று அப்போது சொல்லலாம்.

குடித்து முடித்த டம்ளரைக் கழுவாமல் வைத்து மறுநாள் காலை மோந்து பாருங்கள். நல்ல புகை விஸ்கியின் காலி டம்ளர், அணைந்த ஹோமகுண்டம் மாதிரி மணக்கும்.

குறிப்புகளில் 'டிசிபி, ஹெதர், கிரியோசோட்' என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒன்றுமே தெரிவதில்லையே?

எப்படித் தெரியும்? டிசிபி இங்கிலாந்து வீடுகளில் தொண்டைவலிக்குக் கொப்பளிக்கும் கிருமிநாசினி. அதை முகர்ந்தே பார்த்திராத மூக்கு எப்படி அடையாளம் சொல்லும்? அவர்கள் தங்கள் பாட்டி வீட்டு அலமாரியைத் திறந்து எழுதுகிறார்கள். நீங்கள் உங்கள் பாட்டி வீட்டைத் திறங்கள்.

வாசனை விஷயத்தில் தமிழ் ஒன்றும் வறுமைப்பட்ட மொழியில்லை. மணம், வாசம், வாடை, நெடி, வீச்சம், கவிச்சி, கமறல், மக்கல் என்று வைத்திருக்கிறோம், ஒவ்வொன்றும் வேறு. புகை விஸ்கிக்கு இவை அப்படியே பொருந்தும். தொண்டையைக் கமறவைக்கும் மிளகாய் நெடி போன்ற புகை ஒன்று. கருவாட்டுக் கூடையின் கவிச்சி ஒன்று. ஆங்கிலத்தில் கடற்பாசி, அயோடின் என்று சுற்றிவளைப்பது பெரும்பாலும் இதைத்தான். மழைக்கு நனைந்த தாம்புக்கயிற்றின் மக்கல் வாடை இன்னொன்று.

என் நோட்டில் அடிக்கடி வரும் சொற்கள்: புதிதாகத் தார் போட்ட ரோடு. தணலில் சுட்டுத் தோலுரித்த கத்திரிக்காய். சாம்பிராணி போட்டு முடித்த அறை. டிங்சர். பழைய சிவப்பு சோப்பு. பட்டாசு வெடித்த மறுநாள் காலைத் தெரு. கிராம்பு. இந்தக் கடைசிச் சொல்லுக்கு வேதியியலும் துணை நிற்கிறது. கிராம்பின் மணமான யூஜெனால், குவயகாலுக்கு நெருங்கிய உறவு.

ஆங்கிலக் குறிப்பை முதலில் படிக்காதீர்கள். படித்துவிட்டால் அதில் இருப்பதுதான் உங்கள் டம்ளரிலும் இருக்கும். எழுதி முடித்த பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடலோரக் கிடங்கில் இருந்ததால் உப்பு ஏறியிருக்கிறது என்பது உண்மையா?

நாக்கில் உப்பு போன்ற ஒரு உணர்வு வருவது உண்மை. கடல் காற்று பீப்பாய்க்குள் புகுந்து உப்புப் போட்டது என்பதை நான் நம்புவதில்லை. கல் ஈலாவில் வடிப்பதில் பெரும்பங்கு டேங்கர் லாரியில் ஏறி, ஸ்காட்லாந்துப் பெருநிலத்துக் கிடங்குகளில்தான் முதிர்கிறது. அதிலும் அந்த 'உப்பு' இருக்கத்தான் செய்கிறது.

சரி, மார்க் எப்படிப் போடுவது?

நூற்றுக்குப் போடுவது வழக்கம். நான் பிரிப்பது இப்படி: மூக்குக்கு 25, நாக்குக்கு 30, பின்சுவைக்கு 25, சேர்மானத்துக்கு 20. பலர் நாலுக்கும் 25 வீதம் சமமாகப் போடுவார்கள். எனக்கு நாக்கு கொஞ்சம் முக்கியம், வாங்குவது குடிக்கத்தானே.

எந்தப் பிரிவாக இருந்தாலும் புகை விஸ்கிக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன்: புகைக்கு மார்க் கிடையாது. புகை இருக்கும் என்று தெரிந்துதான் வாங்கினோம். அது மேடை. அதன்மேல் என்ன ஆடுகிறது என்பதற்குத்தான் மார்க். புகையை மனசுக்குள் அகற்றிவிட்டுப் பாருங்கள்: அடியில் பழம் இருக்கிறதா, தானிய இனிப்பு இருக்கிறதா, பீப்பாய் ஏதாவது செய்திருக்கிறதா? ஒன்றுமில்லை, சாம்பலும் சாராயமும் மட்டும் என்றால் அது எத்தனை பிபிஎம் ஆனாலும் என்னிடம் 75 தாண்டாது. இளசான சரக்கின் பச்சை வாடையைப் புகை போட்டு மறைத்து விற்பது இப்போது கூடிவிட்டது. மறைப்பு விலகும் இடம் பின்சுவை. இனிப்பு சட்டென்று அறுந்து, ஈர அட்டைப்பெட்டி மாதிரி ஒரு வறட்சி நின்றால் அங்கே குறையுங்கள்.

சேர்மானம் என்று நான் சொல்வது, மூக்கு வாக்குக் கொடுத்ததை நாக்கு நிறைவேற்றியதா என்பது. மோக்கும்போது அமர்க்களப்படுத்திவிட்டு வாயில் தண்ணீராய்ப் போகும் விஸ்கிகள் உண்டு.

எண்களின் மதிப்பையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். உலகத்தில் யாரும் விஸ்கிக்கு 40 மார்க் போடுவதில்லை. எல்லாம் 75-க்கும் 95-க்கும் நடுவே நெருக்கியடிக்கிறது. என் கணக்கில் 80 என்றால் யாராவது ஊற்றினால் மகிழ்ச்சி, 85 என்றால் காசு கொடுத்து வாங்குவேன், 90 என்றால் விருந்தாளி வரும்போது அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடும்.

ஒரே நாளில் போட்ட மார்க்கை நம்பாதீர்கள். ஒரே பாட்டிலுக்கு ஒரே வாரத்தில் நான் 79-உம் 88-உம் போட்டிருக்கிறேன். முதல் நாள் ஜலதோஷம் தொடங்கியிருந்தது, எனக்குத் தெரியவில்லை. குறைந்தது மூன்று தடவை, இடைவெளி விட்டு. ஒரு தடவையாவது பெயர் தெரியாமல். வீட்டில் யாரையாவது மூன்று டம்ளரில் ஊற்றச் சொல்லி, டம்ளரின் அடியில் மூன்று நிறத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டச் சொல்லுங்கள். விலை அதிகமான பாட்டில் மூன்றாவதாக வரும் இரவு ஒன்று கட்டாயம் வரும்.

பல விஸ்கிகளை ஒரே அமர்வில் பார்ப்பதென்றால் புகை உள்ளதைக் கடைசியில் வையுங்கள். அதற்குப் பின் வருவதெல்லாம் புகையாகத்தான் இருக்கும்.

நீங்கள் போட்ட மார்க்கைச் சொல்லுங்களேன்?

ஆர்ட்பெக் 10 வயது, 46 சதவீதம், குளிரவைத்து வடிகட்டாதது. மூக்கில் தார், நார்த்தங்காய்த் தோல், நனைந்த கயிறு. பத்து நிமிடம் கழித்து வெண்ணிலா. வாயில் எதிர்பாராத இனிப்பு, பிறகு மிளகு, பிறகு சுட்ட கத்திரிக்காய். பின்சுவையில் கசந்த டிகாக்ஷன், வெகுநேரம். 23, 26, 23, 17. மொத்தம் 89. விலைக்கு இதைவிட நேர்மையான புகை விஸ்கி எனக்குத் தெரியாது.

லாகவூலின் 16 வயது, 43 சதவீதம். இதில் புகை கத்துவதில்லை, உட்கார்ந்து பேசுகிறது. பேரீச்சை, கருப்பட்டி, காய்ந்த இஞ்சி, சாம்பிராணிச் சாம்பல். 43 என்பதற்குப் பதில் 46-இல் பாட்டில் செய்திருந்தால் நாக்குக்கு இன்னும் இரண்டு மார்க் கூடியிருக்கும். 23, 26, 24, 18. மொத்தம் 91.

லஃப்ராய்க் 10 வயது, 40 சதவீதப் பாட்டில். மூக்கில் பினாயில், டிங்சர், கருவாட்டுக் கூடை, அதற்கடியில் ஆச்சரியமாகப் பால்கோவா. மூக்கு மட்டும் பார்த்தால் மற்ற இரண்டோடு போட்டி போடும். வாயில் மெலிந்துவிடுகிறது; தண்ணீர் அதிகம் என்று முதல் மடக்கிலேயே தெரிகிறது. 23, 22, 22, 15. மொத்தம் 82. இதே ஆலையின் குவார்ட்டர் காஸ்க் என்ற பாட்டில் 48 சதவீதம், அதை வாங்கலாம்.

ஆக்டோமோருக்கு ஒரே மார்க் சொல்ல முடியாது. பதிப்புக்குப் பதிப்பு பீப்பாய் மாறும், சாராய அளவு மாறும். நான் பார்த்தவை 83-லிருந்து 88 வரை. பயந்துகொண்டு குடித்தால் கிடைப்பது முளைதானியக் கஞ்சியின் இனிப்பும் பாலேட்டின் வழவழப்பும். பாட்டிலின் மிரட்டலுக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

வயது கூடினால் மார்க் கூடுமா?

புகை விஸ்கியில் பெரும்பாலும் புகை குறையும். பீப்பாயில் காலம் போகப் போக பீனால் மங்கி, மரமும் பழமும் முன்னுக்கு வரும். 8 வயது முரட்டுத்தனம் பிடித்தவருக்கு 25 வயது ஏமாற்றமாக இருக்கலாம், அதுவும் பல மடங்கு விலையில். சட்டப்படி ஸ்காட்ச் என்று சொல்லக் குறைந்தது 3 ஆண்டு ஓக் பீப்பாயில் கிடக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிறம் கருத்திருந்தால்?

நிறத்துக்கு மார்க் இல்லை. கேரமல் நிறமூட்டி சேர்க்க ஸ்காட்ச் சட்டமே அனுமதிக்கிறது.

தொட்டுக்கொள்ள என்ன?

மார்க் போடும்போது ஒன்றும் வேண்டாம், வெறும் ரொட்டித்துண்டு போதும். மற்ற நாட்களில் ஐலாக்காரர்கள் சிப்பி ஓட்டுக்குள்ளேயே இரண்டு சொட்டு விஸ்கி விட்டு விழுங்குவார்கள். நம்மிடம் இருப்பதில் நன்றாகச் சேர்வது தணலில் சுட்ட நெத்திலிக் கருவாடு. அறுபது சதவீதக் கருப்புச் சாக்லேட்டும் சேரும். மசாலா வேர்க்கடலை சேராது. எலுமிச்சையும் மிளகாயும் எல்லாவற்றையும் அடித்துப் போய்விடும்.

மருந்து வாசனை வருகிறதே, உடம்புக்கு நல்லதா?

இல்லை. அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில் லஃப்ராய்க்கை மருந்தென்று சொல்லி உள்ளே அனுமதிக்க வைத்ததாக ஆலைக்காரர்களே பெருமையாகச் சொல்வார்கள். சுங்க அதிகாரி மோந்து பார்த்து நம்பியிருப்பார், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த விஸ்கியும் சாராயம்தான்; புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சாராயம் இருக்கிறது. ஒரு அமர்வுக்கு மூன்று விஸ்கி, தலா 20 மில்லிக்கு மேல் நான் போவதில்லை. அதற்குமேல் நாக்கு எப்படியும் பொய் சொல்லும். விழுங்காமல் துப்பிவிட்டும் மார்க் போடலாம், தொழில்முறை ஆட்கள் அப்படித்தான் செய்கிறார்கள். வண்டி ஓட்ட வேண்டுமென்றால் தொடவே வேண்டாம்.

இந்தியாவில் செய்யும் புகை விஸ்கிகளை இவற்றோடு ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், ஆனால் வயதை வைத்து ஒப்பிடாதீர்கள். பெங்களூரின் அம்ருத் ஆலை தன் சிங்கிள் மால்ட்டை (ஒரே ஆலையில் மால்ட் பார்லியால் மட்டும் வடித்த விஸ்கி) 2004-இல் முதலில் விற்கப் போனதே கிளாஸ்கோவுக்குத்தான். அவர்களுடைய ஃப்யூஷன் என்ற விஸ்கியில் இந்திய பார்லியோடு ஸ்காட்லாந்திலிருந்து வந்த புகையூட்டிய பார்லியும் சேர்கிறது. ஸ்காட்லாந்துக் கிடங்கில் ஆண்டுக்கு 2 சதவீதம்போல ஆவியாகும். பெங்களூரில் 10 சதவீதத்துக்கு மேல். சூட்டில் பீப்பாய் மரத்தின் சுவை விஸ்கிக்குள் சீக்கிரம் இறங்கிவிடும். அதனால் ஐந்து வயதிலேயே மரமும் மசாலாவும் ஏறி, புகை அதோடு மல்லுக்கட்டும். ஐலாவின் கருவாட்டுக் கவிச்சியை அதில் தேடினால் கிடைக்காது. எனக்கு ஃப்யூஷன் 86.

இந்தப் பெயர்களை எப்படி உச்சரிப்பது?

இஸ்லே அல்ல, ஐலா. கேயோல் இலா அல்ல, கல் ஈலா. ப்ரூச்லாடிச் அல்ல, ப்ரூக்லாடி. ஆர்ட்பெக்கின் ஒரு பாட்டில் ஊகடால் என்று வாசிக்கப்படும், எழுத்தைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். கேலிக் மொழி அப்படி. கடைக்காரரிடம் விரலைக் காட்டினாலும் கொடுப்பார்.

திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

புதிதாகத் திறந்த அன்று புகை விஸ்கி பெரும்பாலும் இறுகிக் கிடக்கும். இரண்டாவது வாரத்தில்தான் அவிழும். அதனால் திறந்த நாள் மார்க்கை நான் பென்சிலில்தான் எழுதுவேன். முக்கால் பாட்டில் இருக்கும்வரை ஒரு வருஷம் கவலையில்லை. பாதிக்குக் கீழே இறங்கினால் காற்று உள்ளே புகுந்து முதலில் திருடுவது புகையைத்தான். அப்போது சின்னக் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி, கழுத்துவரை நிரப்பி, இருட்டில், நிற்கவைத்து வையுங்கள். படுக்கவைத்தால் 46 சதவீதச் சாராயம் தக்கையை அரித்துவிடும். பாட்டிலைத் திறக்கும்போது தக்கை இரண்டாக முறிந்தால், காபி வடிகட்டியில் வடித்துக்கொள்ளுங்கள். வடிகட்டியில் முந்தின நாள் காபி இல்லாமல் பார்த்துக்கொள்ளவும்.